பெயரில் நீந்தும் பெருவிலங்கு

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு பொருளுக்குப் பெயரிடுவது, அப்பொருளை அறிந்துகொள்ள மனிதன் எடுத்துவைக்கும் முதல் அடியாகும். கண்டதையும் கேட்டதையும் அஞ்சியதையும் வியந்ததையும் அவன் பெயருக்குள் பொதிந்து வைத்தான். உலகில் வாழும் விலங்குகளுள் மிகப் பெரியது திமிங்கிலம். அதற்கு ஐரோப்பிய மொழிகள் இட்ட பெயர்களையும் நம் மண்ணின் மொழிகள் இட்ட பெயர்களையும் ஒப்பிட்டு, சொற்பிறப்பை ஆராயும் நெறியை உணர்த்துகிறது இப்பாடம்.

இருமொழிப் பலகை

புதுச்சேரியின் வடமேற்கு விளிம்பில் அமைந்துள்ளது கோரிமேடு. அங்கிருந்து புறப்பட்டுக் கடற்கரையை அடையும் மாணவர், நகரின் பழைய வீதிகளில் நீலநிறப் பெயர்ப்பலகைகளைக் காண்பர். அவற்றுள் பலவற்றில் பிரெஞ்சும் தமிழும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சில் 'ரூ' எனப்படுவது தமிழில் 'வீதி' ஆகிறது. ஒரே இடத்துக்கு இரு மொழிகள் இட்ட பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை இந்நகரம் நாள்தோறும் வழங்குகிறது.

இந்த ஒப்பீடு ஏடுகளிலும் நிகழ்ந்துள்ளது. மூசே, துப்புயி ஆகிய பாதிரியார்கள் தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகள் 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் புதுச்சேரியில் அச்சாயின. வீதிக்கும் வீட்டுக்கும் இரு மொழிகளிலும் பெயர் இருப்பதில் வியப்பில்லை. ஆனால், ஒருசிலரே நேரில் கண்ட ஒரு கடலுயிருக்கு ஒவ்வொரு மொழியும் எவ்வாறு பெயரிட்டது? இவ்வினாவைத் தொடர்ந்து சென்றால், மொழிகளின் உறவும் மனித அறிவின் வளர்ச்சியும் ஒருசேரப் புலப்படும்.

ஓர் உயிர், மூன்று வேர்கள்

ஐரோப்பிய மொழிகளில் திமிங்கிலத்தைக் குறிக்கும் சொற்களுள் பெரும்பாலானவை மூன்று வேர்களிலிருந்து கிளைத்தவை.

முதல் வேர், கிரேக்க மொழியின் 'கீட்டோஸ்'. கடலில் வாழும் பேருருவம் எதனையும் கிரேக்கர் இச்சொல்லால் அழைத்தனர். கி.மு. 325இல் அலெக்சாந்தரின் தளபதி நியார்க்கஸ், சிந்து ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேற்கு நோக்கிக் கலம் செலுத்தினார். வழியில், கடல்நீர் தூண்போல் மேலெழுவதைக் கண்டு மாலுமிகள் துடுப்புகளை நழுவவிட்டனர். நியார்க்கஸ் கலங்களை அணிவகுத்து, எக்காளம் ஊதி, ஆரவாரத்துடன் முன்னேறச் செய்தார்; அவ்வுயிர்கள் நீருள் மறைந்தன. இச்செய்தியை எழுதிவைத்த அர்ரியன் என்னும் வரலாற்றாசிரியர் கையாளும் சொல்லும் இதுவே. கீட்டோஸ் இலத்தீனில் 'கேத்துஸ்' ஆனது; ரஷ்ய மொழியில் 'கீத்' என வழங்குகிறது. திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் உள்ளடக்கிய விலங்குக் குழுவுக்கு அறிவியலார் இட்ட 'சீட்டேசியா' என்ற பெயரும் இவ்வேரிலிருந்து பிறந்ததே.

இரண்டாம் வேர், இலத்தீன் மொழியின் 'பலேனா'. கிரேக்கச் சொல் ஒன்றோடு உறவுடைய இது, இத்தாலியத்தில் 'பலேனா', ஸ்பானியத்தில் 'பய்யேனா', போர்ச்சுக்கீசியத்தில் 'பலேயா', பிரெஞ்சில் 'பலேன்' எனத் திரிந்தது. இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகள் உடன்பிறப்புகள் என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும்.

மூன்றாம் வேர், செருமானிய மொழிக் குடும்பத்துக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வேல்' என்றிருந்த சொல்லே இன்றைய ஆங்கிலத்தின் 'வேல்' ஆகும். டேனிய மொழியின் 'வால்', ஐஸ்லாந்திய மொழியின் 'ஹ்வாலூர்', ஜெர்மன் மொழியின் 'வால்' ஆகியன இதன் இனச்சொற்கள். தந்தம் போன்ற நீண்ட பல்லையுடைய வடகடல் உயிர் ஒன்று 'நார்வால்' எனப்படுகிறது. பழைய நார்ஸ் மொழியில் 'நார்' என்றால் பிணம். வெளிறிய அதன் புள்ளித்தோல் நீரில் மூழ்கியவர் உடலை மாலுமிகளுக்கு நினைவூட்டியது என்பது இப்பெயருக்குத் தரப்படும் விளக்கம்.

இம்மூன்று வேர்களையும் சாராமல், தம் சொந்தச் சொற்களைக் கொண்டே பெயரிட்ட மொழிகளும் உண்டு. வேல்ஸ் மொழியில் 'மோர்வில்' என்றால் கடல்விலங்கு; ஐரிஷ் மொழியில் 'மீல் மோர்' என்றால் பெருவிலங்கு. லிதுவேனிய மொழியின் 'பங்கினிஸ்' என்னும் பெயர், அலை எனப் பொருள்படும் 'பங்கா' என்ற சொல்லிலிருந்து தோன்றியது.

தெரியுமா?

பிரெஞ்சு மொழியில் 'பலேன்' என்ற சொல்லுக்குக் குடைக்கம்பி என்ற பொருளும் உண்டு. சிலவகைத் திமிங்கிலங்களின் வாயில் பற்களுக்கு மாற்றாகச் சீப்பு போன்ற தகடுகள் தொங்கும். வளைந்தாலும் முறியாத இத்தகடுகளைக் கொண்டு முற்காலத்தில் குடைக்கம்பிகள் செய்தனர். ஜெர்மானியர் இதனை 'மீனெலும்பு' என்றனர். உண்மையில், அது மீனுடையதும் அன்று, எலும்பும் அன்று. நம் நகத்தில் உள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆனது.

ஒலி ஒப்புமை போதுமா?

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி டிக்' புதினம், கதையுடன் தொடங்கவில்லை. சொற்பிறப்புப் பக்கம் ஒன்றுடன் தொடங்குகிறது. காசநோயால் நலிந்த துணையாசிரியர் ஒருவர் திரட்டித் தந்ததாக அமைந்த அப்பக்கத்தில், எபிரேயம் முதல் பசிபிக் தீவு மொழிகள் வரை திமிங்கிலத்தின் பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அப்பட்டியலில் தமிழ் இல்லை. இந்திய மொழி எதுவும் இல்லை.

அதே பக்கத்தில் இரண்டு அகராதிகளின் விளக்கங்களும் காணப்படுகின்றன. ஒன்று, ஆங்கிலப் பெயரை வளைவு, உருட்சி ஆகிய பொருள்களோடு இணைக்கிறது. மற்றொன்று, உருளுதல் என்னும் ஜெர்மன் வினைச்சொல்லோடு இணைக்கிறது. திமிங்கிலம் நீரில் உருள்வதைக் கண்டவர்க்கு இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். ஆயினும், பழைய ஆங்கிலத்தில் திமிங்கிலத்தின் பெயர் 'ஹ்' ஒலியுடன் தொடங்கியது. உருளுதலைக் குறித்த வினையில் அவ்வொலி இல்லை. எனவே, இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தன என்று கொள்வதற்கு ஒலியிலக்கணம் இடந்தரவில்லை. பொருள் பொருந்தினால் மட்டும் போதாது. ஒலி மாற்றமும் நெறிப்படி அமைதல் வேண்டும் என்பதே சொற்பிறப்பியலின் முதல் பாடம்.

மக்கள் தமக்குப் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வதும் உண்டு. போலந்து மொழியின் 'வியேலோரிப்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இடைக்கால ஜெர்மன் மொழியில் திமிங்கிலத்தின் பெயர் 'வால்விஷ்'. அதன் இறுதிப்பகுதி மீன் எனப் பொருள்படுவதை அறிந்த போலந்து மக்கள், அதனைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டனர். முற்பகுதியின் பொருள் விளங்காமையால், தம் மொழியில் பெருமையையும் மிகுதியையும் உணர்த்தும் சொல்லை ஒலி ஒப்புமை நோக்கி அங்கே அமைத்தனர். இவ்வாறு, பாதி பொருளாலும் பாதி ஒலியாலும் 'பெருமீன்' என்ற புதுப்பெயர் உருவாயிற்று.

நம் பேச்சுவழக்கிலும் இத்தகைய சூழல் உண்டு. திமிங்கிலம் என்பதைப் பலரும் 'திமிங்கலம்' என்கிறோம். கலம் என்றால் மரக்கலம். திமில் என்றால் மீன்பிடி படகு. ஆகவே, படகு போன்ற உருவம் உடையதால் இப்பெயர் பெற்றது என்று ஒருவர் விளக்கினால், கேட்பவர் தலையசைப்பர். ஆனால், அது சொல்லின் வரலாறு ஆகாது. அவ்வரலாற்றை இனிக் காண்போம்.

விழுங்குவதை விழுங்கும் உயிர்

'திமி' என்னும் வடசொல் பெருமீனைக் குறிக்கும். 'கில' என்பது விழுங்குவது எனப் பொருள்படும். திமியை விழுங்குவது திமிங்கிலம். அத்திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம். மகாபாரதத்திலும், அமரகோசம் என்னும் வடமொழி நிகண்டிலும் திமிங்கிலம் இடம்பெற்றுள்ளது. திமி, திமிங்கலம், திமிதிமிங்கலம் எனப் பாலி மொழிப் பௌத்த நூல்கள் அடுக்கிக் கூறுகின்றன. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கு மொழிகளும் சிற்சில ஒலிவேறுபாடுகளுடன் இப்பெயரை ஏற்றுள்ளன.

ஐரோப்பியப் பெயர்களோடு ஒப்பிடும்போது இப்பெயரின் தனித்தன்மை விளங்கும். வேல்ஸ், ஐரிஷ், போலந்து மொழிப் பெயர்கள் உருவத்தின் பெருமையையோ வாழிடத்தையோ கூறுகின்றன. திமிங்கிலம் என்ற பெயரோ ஒரு செயலைக் கூறுகிறது. பெரியதை விழுங்கும் பெரியது, அதனையும் விழுங்கும் மிகப் பெரியது என்று ஏணிபோல் உயரும் கற்பனை இப்பெயரில் அமைந்துள்ளது. கடலின் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாத மனிதன், சொல்லால் அளக்க முயன்றதன் விளைவு இது.

உருவத்தைக் கொண்டு பெயரிடும் மரபும் இம்மண்ணில் உண்டு. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சியில் 'பனைமீன்' என்ற பெயர் வருகிறது. நெடிது உயர்ந்த பனையை அளவுகோலாகக் கொண்டு கடலுயிர் ஒன்றின் பெருமையைச் சுட்டிய பெயர் அது. சிங்கள மொழியில் திமிங்கிலத்தின் பெயர் 'தல்மஸா'. அம்மொழியில் 'தல்' என்பது பனை. 'மஸ்' என்பது மீன். பனை வளரும் இரு கரைகளிலும் பனையே அளவுகோலாகியிருப்பது கருதத்தக்கது. மராத்தியர் திமிங்கிலத்தைத் 'தேவ்மாசா', அதாவது தெய்வமீன் என்பர். அளவிலிருந்து வியப்புக்கும், வியப்பிலிருந்து வழிபாட்டுக்கும் பெயர் நகர்வதை இங்குக் காணலாம்.

மீனா, விலங்கா?

இதுவரை கண்ட பெயர்களுள் பல, திமிங்கிலத்தை மீன் என்றே கருதுகின்றன. கடலில் நீந்துவதெல்லாம் மீன் என்று எண்ணியது பண்டைய மனிதரின் இயல்பு. எனினும், திமிங்கிலமும் ஓங்கிலும் காற்றை உள்ளிழுத்து மூச்சுவிடுகின்றன, குட்டி ஈன்று பாலூட்டுகின்றன என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எழுதினார். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், திமிங்கிலங்களை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார். அரிஸ்டாட்டில் கண்ட உண்மை வகைப்பாட்டு நூலில் நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயின. டச்சு மொழியில் இன்றும் அதன் பெயர் 'வால்விஸ்' தான். 'விஸ்' என்றால் மீன். அறிவு முன்னே சென்றுவிட்ட பிறகும் பெயர் பழைய கரையிலேயே நிற்பதுண்டு.

இவ்விடத்தில் தமிழின் மரபுச்சொல் வழக்கு ஒன்று உற்றுநோக்கத்தக்கது. மீனின் இளமையை 'மீன்குஞ்சு' என்கிறோம். திமிங்கிலத்தின் இளமையைத் 'திமிங்கிலக் குட்டி' என்கிறோம், குஞ்சு என்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவருவது குஞ்சு, ஈனப்படுவது குட்டி. தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப்பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துக்கூறி, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என வரையறுக்கிறது. பெயரை மரபு பிறழாமல் வழங்குதல் வெறும் அழகுக்காக அன்று என்பதற்குக் 'குட்டி' என்னும் ஒரு சொல்லே சான்று. ஓர் உயிரின் பிறப்பு முறையையே அது உணர்த்திவிடுகிறது.

கடற்பன்றியும் கடற்பசுவும்

கடலில் கண்ட புதிய உயிருக்கு நிலத்தில் அறிந்த விலங்கின் பெயரைச் சூட்டுவது உலகப் பொதுவழக்கு. திமிங்கிலத்தின் உறவினமாகிய சிற்றுருவ உயிர் ஒன்றைத் தமிழில் 'கடற்பன்றி' என்கிறோம். பிரெஞ்சில் அதன் பெயர் 'மர்சுவான்'. கடல், பன்றி எனப் பொருள்படும் இரு பழைய செருமானியச் சொற்கள் இணைந்து பிறந்தது அது. ஆங்கிலப் பெயரோ, பன்றி, மீன் என்னும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை. தடித்த உடலையும் கொழுப்பையும் கண்ட மூன்று மொழியினரும் ஒரே உவமையை எட்டியுள்ளனர்.

பாக் நீரிணையில் கடற்புற்களை மேய்ந்து வாழும் பாலூட்டி 'ஆவுளியா'. இதனைக் 'கடற்பசு' என்றும் வழங்குவர்; ஜெர்மன் மொழியிலும் இவ்வினத்தைக் கடற்பசு எனப் பொருள்படும் சொல்லாலேயே அழைக்கின்றனர். ஆவுளியாவைக் காக்கும் பொருட்டு, 2022ஆம் ஆண்டு பாக் விரிகுடாவில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. 'ஆ' என்ற முதலெழுத்தைக் கண்டதும் 'பசு' என்று பொருள்கொள்ள மனம் விழையும். முன்னர்க் கண்ட திமிங்கலம் – மரக்கலம் எடுத்துக்காட்டை நினைவிற்கொண்டு, அத்தகைய முடிவுக்கு விரையாமல் இருத்தலே ஆய்வு நெறியாகும்.

பெயர் பிழைத்தால் பொருள் பிழைக்கும்

பெயரில் உள்ள பிழை சொல்லோடு நின்றுவிடுவதில்லை. பெருந்தலைத் திமிங்கிலம் ஒன்றன் தலையினுள் மெழுகு போன்ற வெண்ணிற நெய்ப்பொருள் உள்ளது. அதனை அவ்வுயிரின் வித்து எனத் தவறாகக் கருதிய ஐரோப்பியர், அப்பொருள்படவே பெயரிட்டனர். அத்தவறான எண்ணத்திலிருந்தே அவ்வுயிரின் ஆங்கிலப் பெயரும் தோன்றியது. பிரெஞ்சு மொழி அப்பிழையில் சிக்கவில்லை. அம்மொழியில் அதன் பெயர் 'கஷலோ'. போர்ச்சுக்கீசிய, ஸ்பானிய வழியே வந்த இச்சொல்லுக்குப் பெருந்தலை என்றும் பெரும்பல் என்றும் இருவகை விளக்கங்கள் உள்ளன. ஜெர்மன் மொழி, தலையின் வடிவம் நோக்கிப் 'பானைத் திமிங்கிலம்' என்கிறது.

இதே திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் நறுமணப் பொருள் அம்பர். கணவாய் மீன்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றி இது திரள்கிறது. அரபு மொழியின் 'அன்பர்' என்ற சொல் பிரெஞ்சில் 'ஆம்ப்ர்' ஆயிற்று. மரப்பிசின் இறுகித் தோன்றும் மஞ்சள்நிறக் கல்லும் அதே பெயரைப் பெற்றதால், குழப்பம் நீங்கத் திமிங்கிலப் பொருளைச் 'சாம்பல்நிற அம்பர்' என வேறுபடுத்தினர். தமிழ்மரபு, கடல்தரும் பொருள்கள் ஐந்தனுள் ஒன்றாக 'ஓர்க்கோலை'யைக் கூறுகிறது. அகராதிகள் அதற்கு அம்பர் எனப் பொருள் தருகின்றன.

இன்றைய செய்திகளில் இப்பொருள் 'திமிங்கில வாந்தி' என்றும் 'திமிங்கில உமிழ்நீர்' என்றும் குறிக்கப்படுகிறது. குடலில் திரளும் பொருளை உமிழ்நீர் என்பது பொருந்தாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி இதனை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். கரையில் கிடைக்கும் பொருளின் இயல்பும் சட்டநிலையும் அறியாமல் துன்பத்துக்கு ஆளாவோர் கடலோர மக்களே. சரியான பெயரும் சரியான விளக்கமும் அவர்களைச் சென்றடைதல் மொழிக் கடமையும் சமூகக் கடமையும் ஆகும்.

கரையில் ஒதுங்கிய பெயர்

2016ஆம் ஆண்டு சனவரி மாதம், தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்களும் தன்னார்வலர்களும் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டனர். சில மீண்டன, பல மீண்டும் கரைக்கே திரும்பி மடிந்தன. 1973ஆம் ஆண்டிலும் இக்கடற்கரையில் இத்தகைய நிகழ்வு நடந்துள்ளது.

அவ்வுயிர்கள் எவை? செய்தித்தாள்கள் பொதுவாகத் 'திமிங்கிலம்' என்றன. ஆங்கிலத்தில் அவ்வினத்தின் பெயர் 'வழிகாட்டித் திமிங்கிலம்' எனப் பொருள்படும்; ஒன்று வழிகாட்ட மற்றவை பின்தொடரும் என்ற நம்பிக்கையால் அப்பெயர் அமைந்தது. பிரெஞ்சில் 'குளோபிசெஃபால்', அதாவது உருண்டைத்தலையது என்பர். அறிவியல் வகைப்பாட்டின்படி அவை ஓங்கில் குடும்பத்தைச் சார்ந்தவை. ஆங்கிலப் பெயர் பழக்கத்தை நோக்கியது. பிரெஞ்சுப் பெயர் வடிவத்தை நோக்கியது. தமிழில் எதை நோக்கிப் பெயரிடுவது?

இவ்வினாவுக்கு விடைகாணக் கலைச்சொல் அறிஞர் மட்டும் போதார். வீராம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் மணப்பாட்டிலும் கடலோடு வாழும் மக்கள், நீரின் நிறத்துக்கும் காற்றின் திசைக்கும் மீனின் பருவத்துக்கும் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கின்றனர். அவற்றுள் பல அகராதியில் ஏறாதவை. ஒரு முதியவர் மறையும்போது அவரோடு மறைபவை. மெல்வில் புதினத்தின் பட்டியலில் தமிழ் இடம்பெறாமை ஓர் அயல்நாட்டாரின் விடுபாடு. நம் கரையோரச் சொற்கள் நம் அகராதியில் இடம்பெறாமை நம்முடைய விடுபாடு. முன்னதை நாம் திருத்த இயலாது. பின்னதைத் திருத்த ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதி மீன் அங்காடியில் வழங்கும் மீன்பெயர்கள் இருபதனைத் திரட்டுக. அவற்றை உருவம், நிறம், செயல், வாழிடம் ஆகியவற்றின் அடிப்படையில் வகைப்படுத்துக.

2. 2016இல் மணப்பாட்டில் ஒதுங்கிய உயிரினத்துக்குத் தமிழ்ப்பெயர் ஒன்றை உருவாக்கி, அதற்கான காரணத்தை வகுப்பறையில் விளக்குக.

சொல்லும் பொருளும்

முகத்துவாரம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
ஓங்கில் – கடல்வாழ் பாலூட்டி வகை
திமில் – மீன்பிடி படகு
நிகண்டு – பழந்தமிழிலும் வடமொழியிலும் அமைந்த சொற்பொருள் தொகுப்பு
ஒப்புமை – ஒத்திருக்கும் தன்மை

இலக்கணக்குறிப்பு

பெருவிலங்கு – பண்புத்தொகை
பனைமீன் – உவமைத்தொகை
விழுங்கும் உயிர் – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

அழைத்தனர் = அழை + த் + த் + அன் + அர்
அழை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உருவத்தையோ வாழிடத்தையோ சுட்டாமல், செயலைச் சுட்டும் பெயர்
அ) பனைமீன் ஆ) திமிங்கிலம் இ) மோர்வில் ஈ) கடற்பசு

2. பாதி ஒலியாலும் பாதி பொருளாலும் அமைந்த பெயர்
அ) பலேன் ஆ) கீத் இ) வியேலோரிப் ஈ) தேவ்மாசா

குறுவினா

1. 'திமிங்கிலக் குட்டி' என்னும் மரபுச்சொல் உணர்த்தும் உண்மை யாது?
2. அம்பரை உமிழ்நீர் என்பது ஏன் பொருந்தாது?

சிறுவினா

1. ஆங்கிலப் பெயரை 'உருளுதல்' என்னும் வினையோடு இணைத்தல் ஏன் ஏற்கத்தக்கதன்று? விளக்குக.
2. கடற்பன்றி என்னும் பெயர் வழியே மொழிகளின் பொதுப்போக்கினை எடுத்துரைக்க.

நெடுவினா

'பெயர் என்பது ஒரு சமூகத்தின் அறிவையும் அறியாமையையும் ஒருங்கே காட்டும் சான்று' – இக்கூற்றைப் பாடப்பகுதியிலிருந்து தக்க எடுத்துக்காட்டுகளுடன் நிறுவுக.